அரசுக்கு எழுதுவதும் அயலாருடன் பேசுவதும்

2025 செப்டம்பர் 1 அன்று இரண்டு நாடுகளில் இரண்டு உத்தரவுகள் நடைமுறைக்கு வந்தன. ரஷ்யாவில் அன்று முதல் விற்கப்படும் புதிய கைபேசிகளிலும் டேப்லெட்டுகளிலும் ‘மேக்ஸ்’ என்ற செயலியை ஏற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றது முதல் உத்தரவு. வி.கே. என்ற ரஷ்ய நிறுவனம் உருவாக்கிய செயலி அது. அந்த ஆண்டு ஜூன் 24 அன்று அதிபர் புதின் கையொப்பமிட்ட சட்டம்தான் தேசியத் தகவல் செயலி ஒன்றுக்கு வழி திறந்துவிட்டது. நண்பர்களோடு பேசுவது, பள்ளி வகுப்புக் குழுக்களில் சேர்வது, பணம் அனுப்புவது, அடையாளத்தைக் காட்டுவது, ஆவணத்தில் மின்கையொப்பம் இடுவது, அரசுச் சேவைகளைப் பெறுவது என எல்லாவற்றையும் அந்த ஒரே செயலிக்குள் கொண்டுவருவது திட்டம். பிரான்ஸில் அமைச்சர்களும் அவர்களுடைய அலுவலகங்களும் அரசு நிர்வாகமும் அலுவல் தொடர்பான பேச்சுக்கு ‘ட்சாப்’ என்ற அரசுச் செயலியைப் பயன்படுத்த வேண்டும் என்று பிரதமரின் சுற்றறிக்கை குறித்திருந்த நாளும் அதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே காரியம்: அந்நிய நிறுவனங்களைச் சார்ந்திராமல் சொந்தமாக ஒரு செயலி வைத்துக்கொள்வது. ஆனால் ரஷ்ய உத்தரவு குடிமக்களின் கைபேசிக்குள் நுழைகிறது; பிரெஞ்சு உத்தரவு அரசு ஊழியர்களின் கைபேசியோடு நின்றுகொள்கிறது. தேசியத் தகவல் செயலிகளைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தொடங்க வேண்டும்.

இந்த விவாதம் நமக்கும் புதிதல்ல. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘சந்தேஸ்’ என்ற செயலி அரசு அலுவலகங்களில் சில ஆண்டுகளாகப் புழங்குகிறது. 2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசு ‘மன மித்ரா’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப் வழியாகவே தரத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், தமிழகத்தைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியை மத்திய அமைச்சர்களே பரிந்துரைக்க, குறுகிய காலத்தில் ஏராளமானோர் அதைத் தரவிறக்கினார்கள். இவற்றில் ஒன்று அரசின் செயலி, ஒன்று அமெரிக்க நிறுவனத்தின் செயலி, ஒன்று உள்நாட்டுத் தனியார் செயலி. எனவே ‘யாருடைய செயலி?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. நான் அதைவிட முதன்மையான இன்னொரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சையும், அரசோடு அவர்கள் நடத்தும் எழுத்துப் போக்குவரத்தையும் ஒரே செயலிக்குள் வைக்கலாமா? கூடாது என்பது என் வாதம். இரண்டுக்கும் தேவைப்படும் தொழில்நுட்பக் குணங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. தனிப்பேச்சுக்குத் தேவை மறைவும் மறதியும். அரசுப் போக்குவரத்துக்குத் தேவை சான்றும் நினைவும்.

முதலில் தனிப்பேச்சின் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம். முன்பின் சந்தித்திராத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கக்கூடிய ஒரு பாதை வழியாகவே தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். இன்று சிக்னல், வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் உள்ள முனைக்கு முனை குறியாக்கம் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தது. செய்தியைப் பூட்டும் சாவியும் திறக்கும் சாவியும் பேசுகிற இருவரின் கைபேசிகளிலேயே பிறக்கின்றன. இடையில் உள்ள சர்வருக்குக் கிடைப்பது பொருளற்ற எண் குவியல் மட்டுமே. சாவிகள் அடிக்கடி மாற்றப்படுவதால், இன்றைய சாவி ஒன்று திருடுபோனாலும் நேற்றைய பேச்சைத் திறக்க அது உதவாது. மறப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு இது. ஆனாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை, எங்கிருந்து பேசினார்கள் என்பது உள்ளடக்கத்தில் சேராது. மெட்டாடேட்டா எனப்படும் இந்த விவரங்களைச் செயலியை நடத்துபவர் அறிய முடியும். ஒருவர் நள்ளிரவில் மருத்துவரை அழைத்தார், மறுநாள் வழக்கறிஞரை அழைத்தார், அதற்கடுத்த நாள் ஒரு பத்திரிகையாளரை அழைத்தார் என்று மட்டும் தெரிந்தால் போதும். அவர் என்ன பேசினார் என்பதைக் கேட்காமலேயே ஒரு கதையை ஊகித்துவிடலாம். அதனால்தான் இந்த விவரங்கள் யார் கையில் இருக்கின்றன என்பது குறியாக்கத்தின் வலிமைக்கு இணையான முக்கியத்துவம் பெறுகிறது.

இனி அரசோடு பேசுவதற்கு வருவோம். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பட்டா மாறுதல் கேட்டு ஒருவர் எழுதுகிறார் என்றால், அங்கே மறுமுனை அரசுதான். முனைக்கு முனை குறியாக்கம் அந்தச் செய்தியை வழிப்பறியிலிருந்து காக்கும். அரசிடமிருந்து காக்காது, காக்க வேண்டிய தேவையும் இல்லை. மனு எழுதியவருக்கு வேண்டியவை வேறு. தாம் கொடுத்தது இன்ன தேதியில் இன்ன அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று வேண்டும். பதில் வந்தால் அதை அனுப்பியவர் உண்மையிலேயே அந்த அதிகாரிதான் என்று உறுதிசெய்ய வழி வேண்டும். அந்த மனுவை யார் யார் திறந்து பார்த்தார்கள், யாருடைய மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது பதிவாக வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வழக்கு வந்தால் அதே எழுத்து, ஓர் எழுத்துகூட மாறாமல், நீதிமன்றத்தில் கிடைக்க வேண்டும். பதிவுத் தபாலும் ஒப்புகைச் சீட்டும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையைத்தான் செய்துவந்தன. கணினியில் இதே வேலையை மின்கையொப்பமும் நேரமுத்திரையும் செய்கின்றன. ஓர் ஆவணத்திலிருந்து கணித முறையில் ‘ஹேஷ்’ எனப்படும் சிறிய அடையாளம் ஒன்று பெறப்படுகிறது. ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் முற்றிலும் மாறிவிடும். அனுப்புபவர் தம்மிடம் மட்டும் உள்ள சாவியால் அதில் கையொப்பமிடுகிறார். எல்லோரிடமும் உள்ள பொதுச்சாவியால் அதை யாரும் சரிபார்க்கலாம். மறைப்பதற்கு உதவும் அதே கணிதம் இங்கே மெய்ப்பிக்க உதவுகிறது. நோக்கம் மாறும்போது வடிவமைப்பும் தலைகீழாகிறது.

இந்த இரண்டையும் ஒரே செயலியில் பிணைத்தால் என்ன நடக்கும்? தனிப்பேச்சுக்கு அடையாளம் கட்டாயமில்லை. அரசுச் சேவைக்கு அது கட்டாயம். எனவே செயலியில் உறுதிசெய்யப்பட்ட அடையாளம் நுழைகிறது. அதே கணக்கில்தான் ஒருவருடைய தொடர்புப் பட்டியலும், குழுக்களும், பணப் பரிமாற்றமும், அழைப்பு நேரங்களும் இருக்கின்றன. சான்றிதழ், உதவித்தொகை, உரிமம் என ஒருவர் அரசிடமிருந்து பெற வேண்டிய எல்லாம் அந்தக் கணக்கோடு இணைகின்றன. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படும். ஒருவர் யாரோடெல்லாம் பழகுகிறார் என்ற வரைபடம், அவருக்குச் சேவையை வழங்கவோ மறுக்கவோ கூடிய அமைப்பின் அருகிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. செயலியை விட்டு விலகும் உரிமையும் போய்விடுகிறது. விலகினால் சேவையையும் இழக்க வேண்டியிருக்கும். மேக்ஸ் செயலியில் முனைக்கு முனை குறியாக்கம் இல்லை. அரசு அமைப்புகளுக்குத் தகவல் தரப்படலாம் என்று அதன் தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது. மேக்ஸ் கட்டாயமாவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2025 ஆகஸ்டில், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குரல் அழைப்புகளை ரஷ்யா முடக்கத் தொடங்கியது. மோசடிகளைத் தடுப்பதற்காக என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மாற்று வழிகள் குறுகக் குறுக, தேசியச் செயலியைத் தேர்ந்தெடுப்பது தேர்வாகவே இருப்பதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குச் சீனாவின் செங்சோ நகரம் சாட்சி. 2022 ஏப்ரலில் ஹெனான் மாகாணத்தின் சில கிராமப்புற வங்கிகளில் மக்களின் சேமிப்பு முடங்கியது. பணத்தைக் கேட்டுப் போராட வேறு ஊர்களிலிருந்தும் மக்கள் செங்சோவுக்கு வந்தார்கள். அப்போது சீனா முழுவதும் கொரோனாவுக்கான ‘ஆரோக்கியக் குறியீடு’ நடைமுறையில் இருந்தது. வீசாட், அலிபே ஆகிய அன்றாடச் செயலிகளுக்குள்ளேயே அது திறக்கும். பச்சை காட்டினால் நடமாடலாம், சிவப்பு காட்டினால் முடியாது. ஜூன் மாதம், நோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத 1,317 வங்கி வாடிக்கையாளர்களுக்குக் குறியீடு திடீரெனச் சிவப்பானது. விசாரணைக்குப் பின் ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டதாக நகர நிர்வாகமே அறிவித்தது. தவறு செய்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களே என்று இதை விட்டுவிட முடியாது. சில அதிகாரிகள் நினைத்த மாத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நடமாட்டத்தை நிறுத்த முடிந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. பேசவும் பணம் செலுத்தவும் தினமும் கையிலெடுக்கும் செயலியே, நகரத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டாகவும் ஆகியிருந்ததால் அது சாத்தியமானது.

சீனாவையும் ரஷ்யாவையும் காட்டி எல்லா அரசுகளையும் எடைபோடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சிங்கப்பூரின் அனுபவம் விடை தருகிறது. 2020 மார்ச்சில் அந்த அரசு ‘டிரேஸ்டுகெதர்’ என்ற செயலியை வெளியிட்டது. அது தகவல் செயலி அல்ல. ஆனால் குடிமகனின் கைபேசியில் அரசு வைத்த செயலி. யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்பதை புளூடூத் மூலம் அது குறித்துக்கொள்ளும். நோய்த்தொற்றைத் தடம்பிடிக்க மட்டுமே அந்தத் தரவு பயன்படும் என்று அரசு சொன்னது. மக்களும் பெருமளவில் நம்பி ஏற்றுக்கொண்டார்கள். 2021 ஜனவரி 4 அன்று, குற்ற விசாரணைக்காகவும் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமே அதற்கு இடமளித்திருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அரசு விரைந்து செயல்பட்டு, அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தால் வரம்பு கட்டியது. இங்கே யாரும் கெட்ட நோக்கத்தோடு நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. நல்ல நிர்வாகத்துக்குப் பெயர்பெற்ற அரசு, உண்மையான தேவைக்காகச் சேர்த்த தரவு அது. அப்படியிருந்தும், ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த தரவு இன்னொரு நோக்கத்துக்குப் போவதை வாக்குறுதியால் தடுக்க முடியவில்லை. சேர்த்துவைக்காத தரவை எந்தச் சட்டத்தாலும் கேட்டு வாங்க முடியாது. அரசுகள் மாறும், அமைச்சர்கள் மாறுவார்கள், சட்டத்தின் விளக்கம் மாறும். கட்டமைப்பு மட்டும் நின்றுவிடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கை மூலம் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழி வைத்திருப்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கட்டாயத்தால் நம்பிக்கையை வாங்க முடியாது என்பதை ஈரான் காட்டியது. 2018இல் அங்கே சுமார் 4 கோடிப் பேர் டெலிகிராம் பயன்படுத்தினார்கள். ஏப்ரல் மாதம் நாட்டின் தலைமை மதகுரு காமெனி தம் டெலிகிராம் சேனலை நிறுத்தினார். அம்மாத இறுதியில் நீதிமன்ற உத்தரவால் டெலிகிராம் தடைசெய்யப்பட்டது. சொரூஷ், பலே, ஈட்டா போன்ற உள்நாட்டுச் செயலிகளை அரசு முன்னிறுத்தியது. சலுகைகளும் ஊக்குவிப்பும் இருந்தும், பெரும் எண்ணிக்கையிலானோர் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் வைத்துக்கொண்டு டெலிகிராமுக்கே திரும்பினார்கள். உள்நாட்டுச் செயலியைப் பணம் கட்டவும் அலுவலக வேலைக்கும் வைத்துக்கொண்டு, மனம்விட்டுப் பேச வேறொன்றைத் தேடுவது அங்கே பலருக்கும் பழக்கமாயிற்று. இதில் அரசுக்கும் இழப்பு உண்டு. குடிமக்கள் அஞ்சும் ஒரு செயலி வழியே குறைகள் வரா. புகழுரைகளும் படிவங்களும் மட்டுமே வரும். ஒரு துறையில் ஊழல் நடக்கிறது, ஓர் ஊரில் குடிநீர் கெட்டிருக்கிறது என்று சொல்ல விரும்புபவர், தம் குடும்பப் பேச்சும் நட்பு வட்டமும் பதிவாகும் அதே இடத்தில் அதை எழுதத் தயங்குவார். மக்களின் நிலையை அறிய விரும்பும் அரசுக்கு அந்தத் தயக்கத்தைவிடப் பெரிய கேடு வேறில்லை.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அது அரசியலைச் சார்ந்ததல்ல, பொறியியலைச் சார்ந்தது. தென் கொரியாவில் காகாவோடாக் கிட்டத்தட்ட எல்லோருடைய கைபேசியிலும் இருக்கும் தகவல் செயலி. டாக்ஸி, பணப் பரிமாற்றம், பிற இணையதளங்களில் உள்நுழைவது எனப் பலவும் அதே நிறுவனத்தின் சேவைகளோடு பின்னிக்கிடந்தன. 2022 அக்டோபர் 15 அன்று சியோலுக்கு அருகில் உள்ள பாங்க்யோ தரவு மையத்தில் தீப்பிடித்தபோது அவை எல்லாமே ஒருசேர நின்றன. முழுமையாகச் சீராக 127 மணி நேரத்துக்கும் மேலானது. தனியார் கையில் இருந்ததால்தான் இந்த நிலை, அரசே நடத்தியிருந்தால் நடந்திருக்காது என்று சொன்னவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் விடை வந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களில் தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்த ‘ஜி-டிரைவ்’ அமைப்பில் 858 டெராபைட் தரவு, மாற்றுப் பிரதி இல்லாததால் அழிந்தது. தனியாரிடம் இருந்தாலும் அரசிடம் இருந்தாலும், ஓரிடத்தில் குவிந்தது ஒரே நாளில் முடங்கும். நினைவில் வைத்திருப்பதே அரசுப் போக்குவரத்தின் முதல் கடமை என்றால், பல இடங்களில் பிரதி வைப்பது அதன் முதல் தொழில்நுட்ப நிபந்தனை.

அப்படியானால் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே மின்னணுப் பாதையே வேண்டாமா? நிச்சயம் வேண்டும், அதைப் பிரித்து அமைத்த நாடுகளும் இருக்கின்றன. டென்மார்க்கில் 2014 நவம்பர் 1 முதல், பதினைந்து வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் அரசு மின்னணு அஞ்சல் பெட்டி ஒன்று கட்டாயம். வரித்துறை, மருத்துவமனை, நகராட்சி என எந்தப் பொது அமைப்பும் அதில்தான் கடிதம் போடும். காகிதக் கடிதத்துக்கு உள்ள சட்ட மதிப்பு அதற்கும் உண்டு. ஆனால் அங்கே நண்பர்களோடு அரட்டை அடிக்க முடியாது, தொடர்புப் பட்டியல் கிடையாது, குழுக்கள் கிடையாது. அந்தப் பெட்டியைத் திறப்பதற்கும் அரசு இணையதளம், அரசுச் செயலி, தனியார் செயலிகள் எனப் பல வழிகள் உண்டு. கணினியைக் கையாள முடியாதவர்கள் விலக்கு கேட்டுப் பெறலாம். குறையும் உண்டு: கடிதம் பெட்டியில் விழுந்த கணமே அது கிடைத்ததாகக் கருதப்படும், படிக்காதது குடிமகனின் பிழையாகும். எஸ்டோனியா வேறு கோணத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தது. 2001இல் தொடங்கிய ‘எக்ஸ்-ரோடு’ அமைப்பில் அரசுத் துறைகளின் தரவுகள் ஓரிடத்தில் குவிக்கப்படுவதில்லை. ஒரு துறை இன்னொரு துறையிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கையொப்பமும் நேரமுத்திரையும் பெற்றுப் பதிவாகிறது. தம்மைப் பற்றிய தகவலை எந்த அரசு அமைப்பு எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமக்கள் தாங்களே அரசு வலைவாசலில் பார்க்க முடியும். அரசு மக்களைப் பார்க்கும்போது மக்களும் அரசைப் பார்க்கிறார்கள். நினைவும் சான்றும் யாருக்குத் தேவையோ அவருக்கே கிடைக்கும்படி செய்த வடிவமைப்பு அது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலிமையானது வசதி பற்றியது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களும், இணையதளங்களில் தடுமாறும் முதியவர்களும், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மக்கள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு அரசு போவதில் என்ன தவறு? ஆந்திரத்தின் முயற்சி இந்த நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது. வருமானச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகத்தில் காத்திருப்பவருக்கு அது உண்மையான விடுதலை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பு வரும் இடமும் ஆவணம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தென் கொரியா 2021இல் தொடங்கிய ‘மக்கள் செயலர்’ என்ற திட்டம், தடுப்பூசித் தேதி போன்ற அரசு அறிவிப்புகளை காகாவோடாக், நேவர், டாஸ் ஆகிய தனியார் செயலிகளில் எதில் வேண்டும் என்று குடிமகனையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. இந்த வழியை இன்னும் செம்மைப்படுத்தலாம். ‘உங்கள் மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பு எந்தச் செயலியிலும் வரட்டும், குறுஞ்செய்தியிலும் வரட்டும், பொத்தான் கைபேசிக்குக் குரல் அழைப்பாகவும் வரட்டும். மனுவும் பதிலும் கையொப்பமும் பதிவேடும் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட தனி அமைப்பில் இருக்கட்டும். அப்போது நாளை ஒரு நிறுவனம் தன் கட்டணத்தையோ விதிகளையோ மாற்றினாலும் அரசுச் சேவை அதன் தயவில் இருக்காது. கைபேசியே இல்லாதவருக்கும் இ-சேவை மையத்தில் அதே பதிவேடு திறக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் இறையாண்மை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் பிணைய அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. ஒரு நாட்டின் நிர்வாகம் அதைச் சார்ந்திருந்தால் அந்த ஆறு மணி நேரம் அதுவும் நின்றிருக்கும். அந்நிய நிறுவனத்தின் சர்வரில் நம் மக்களின் தொடர்பு விவரங்கள் கிடப்பது கவலைக்குரியதே. ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து இன்னொரு மூடிய செயலி அல்ல, திறந்த நெறிமுறை. மின்னஞ்சலுக்கு ஒரே உரிமையாளர் இல்லை. ஒரு நிறுவனத்தின் பயனர் இன்னொரு நிறுவனத்தின் பயனருக்கு எழுத முடிகிறது, ஏனென்றால் இடையில் உள்ள விதிகள் பொதுவானவை. உடனடிச் செய்திகளுக்கு அதே வேலையைச் செய்யும் திறந்த நெறிமுறை ‘மேட்ரிக்ஸ்’. பிரான்ஸின் ட்சாப் அதன்மேல்தான் கட்டப்பட்டது. ஜெர்மானிய இராணுவத்தின் செயலியும் அப்படியே. 2019 ஏப்ரலில் ட்சாப் வெளியானதுமே, அரசு ஊழியரல்லாத ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் முகவரியைத் திரித்துக் கொடுத்து உள்ளே நுழைந்து காட்டினார். ஓட்டை உடனடியாக அடைக்கப்பட்டது. வெளியார் சோதிக்கவும் பிழைகளைச் சொல்லவும் இடம் தரும் அமைப்பு இப்படித்தான் வலுப்பெறும். ‘அரட்டை’ பரவலான நாட்களில், அதன் அழைப்புகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம் இருக்கிறது, எழுத்துச் செய்திகளுக்கு ஏன் இல்லை என்று பயனர்கள் கேட்டார்கள். அது தேசப்பற்றுக்கு எதிரான கேள்வி அல்ல. சொந்த நாட்டுச் செயலி உலகத் தரத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தாம் அப்படிக் கேட்பார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் மோசடி. காவல் அதிகாரி போலவும் வங்கி போலவும் வேடமிட்டு, ‘மின்னணுக் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களால் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அதனால் அடையாளம் உறுதிசெய்யப்பட்டவர்கள் மட்டுமே உள்ள தேசியச் செயலி வேண்டும் என்கிறார்கள். சற்று யோசித்தால், இங்கே ஏமாற்றுபவர் நடிப்பது அரசாக. ஆகவே முதலில் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுதான். சிங்கப்பூர் 2024 ஜூலை முதல், அரசு அமைப்புகள் அனுப்பும் குறுஞ்செய்திகள் ஒரே ஓர் அரசுப் பெயரில்தான் வர வேண்டும் என்று ஆக்கியது. வேறு பெயரில் வந்தால் அது அரசிடமிருந்து வந்ததல்ல என்று குடிமகன் உடனே தெரிந்துகொள்ளலாம். இந்தியாவிலும் அரசு அனுப்பும் குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ‘ஜி’ என்ற குறி சேர்க்கும் முறை வந்திருக்கிறது. எல்லா மக்களின் அடையாளத்தையும் சேகரிப்பதைவிட இது எளிது, மலிவு, ஆபத்தற்றது. 2025 நவம்பர் இறுதியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, மோசடித் தடுப்புக்கான ‘சஞ்சார் சாத்தி’ செயலியைப் புதிய கைபேசிகளில் கட்டாயமாக ஏற்ற வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. கேள்வி கேட்கும் மக்களும் அதற்குச் செவிசாய்க்கும் அரசும் இருந்தால், கட்டாயமும் சேவையும் ஒன்றல்ல என்பதை இரு தரப்பும் விளங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கடைசியாக, செயலிகள் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அவற்றால் தர முடியாத ஒன்று இருக்கிறது. அது பதில் சொல்லும் கடமை. அரசுச் செயலிகள் பெரும்பாலும் அரசிடமிருந்து மக்களுக்கு அறிவிப்பைத் தள்ளுவதில் வல்லவை. எதிர்த்திசையில் வரும் குரலுக்கு, ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற தானியங்கிப் பதிலோடு முடித்துக்கொள்கின்றன. 2010இல் மத்தியப் பிரதேசம் இந்தியாவிலேயே முதன்முதலாக இயற்றிய பொதுச்சேவை உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நாட்களுக்குள் சேவை தராத அலுவலருக்கு அபராதம் விதிக்க வழிசெய்தது. பின்னர் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அந்தச் சட்டத்துக்குச் செயலி தேவைப்படவில்லை. ஆனால் அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் செயலி வெறும் காத்திருப்பு அறையாகிவிடும். சட்டமும் நல்ல வடிவமைப்பும் சேரும்போதுதான் காலக்கெடு கணினியில் தானாக ஓடத் தொடங்கும்; தாமதம் யாருடையது என்பதும் மறைக்க முடியாததாகும்.

எனவே ஒரு தேசியத் தகவல் செயலி அறிவிக்கப்படும்போது, அது எந்த நாட்டில் உருவானது என்பதோடு குடிமக்கள் நின்றுவிடக் கூடாது. என் தனிப்பேச்சும் என் மனுவும் ஒரே கணக்கில் கிடக்கின்றனவா? இந்தச் செயலியை நீக்கினாலும் என் சேவை தொடருமா? அரசிடமிருந்து வரும் செய்தியின் கையொப்பத்தை நானே சரிபார்க்க முடியுமா? என் தகவலைத் திறந்து பார்த்த அலுவலகத்தின் பெயர் எனக்குத் தெரியுமா? குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் யார் பொறுப்பு? இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் தரும் அமைப்பு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் வரவேற்கலாம். பதில் தராத அமைப்பு நம் மண்ணில் பிறந்ததாகவே இருந்தாலும், அது மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான பாதை ஆகாது. அரசு மக்களைப் பார்க்கும் சாளரமாக மட்டுமே இருக்கும். மக்களாட்சியில் மக்களின் பேச்சு அரசுக்குத் தெரியாமல் நடக்க முடிய வேண்டும். அரசின் செயல் மக்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் காக்க வேண்டுமானால் இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.